கார்லா நீமி தூக்கிப்போட்ட நான்காம் பாகம்

கார்லா நீமி சிபாரிசு செய்த புத்தகத்தை யாரும் பாதியில் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்று கெல்சோ பே ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கார்லாதான் என்று அவள் கணவன் ரஸ் சொல்வான். ஆனாலும் அதில் பெரிய பொய் ஒன்றுமில்லை. லூத்தரன் தேவாலயத்துப் போதகருக்குக் கொலைக் கதையும், மனைவி செத்துப் பேச்சே மறந்துபோன லாரி டிரைவருக்குத் தேனீ வளர்ப்பு நூலும் கொடுத்து, இரண்டு பேரையும் இரண்டே வாரத்தில் அடுத்த புத்தகம் கேட்டு வரவைத்தவள் அவள்.

படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. அப்பா காகித ஆலையில் மரம் அறுத்தார். பள்ளி முடித்ததும் இவள் மீன் புகைபோடும் கடையில் எட்டு வருடம் நின்றாள். கை நாற்றம் போகாததால் கல்யாணமே நடக்காது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தபோது, பனி வாரும் வண்டி ஓட்டுகிற ரஸ் வந்து கேட்டான். குழந்தை இல்லை. முப்பத்துமூன்று வயதில், வாரத்துக்கு மூன்று நாள் புத்தகம் அடுக்கும் வேலைக்கு நூலகத்தில் சேர்ந்தாள். முன்மேசையில் இருந்த வயசான அம்மா ஓய்வுபெற்றுப்போக, அந்த இடம் இவளுக்கு வந்தது. இருபத்தாறு வருடமாக அந்த மேசைதான்.

யார் வந்து "ஏதாவது நல்ல புக்கு குடு" என்று கேட்டாலும் மூன்று கேள்வி கேட்பாள். கடைசியாக எதை முடித்தீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள், எந்த நேரத்தில் படிப்பீர்கள். ஜாதகம் பார்ப்பவன் கட்டம் போடுவதுபோல அதை வைத்துக் கணக்குப் போட்டு, எழுந்து போய் ஒரே ஒரு புத்தகத்தோடு வருவாள். இரண்டு புத்தகம் நீட்டுவது அவளுக்குக் கௌரவக் குறைச்சல்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வேட் சாலோ வந்தான். பதினைந்து வயது. வாசற்கதவை அடைக்கிற உடம்பு. பள்ளியின் பனி ஹாக்கி அணியில் தடுப்பாட்டக்காரன். வீடு பதினான்கு மைல் தள்ளிக் காட்டுக்குள். செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்குப் பயிற்சி. அதுவரை பனிக்களத்தில் குட்டிப் பிள்ளைகள் சறுக்குவார்கள். பள்ளி மூன்றேகாலுக்கே முடிந்துவிடும். இடைப்பட்ட நேரத்துக்கு ஊரில் சூடாக இருக்கிற இடம் இரண்டுதான்: மதுக்கடை, நூலகம். மதுக்கடையில் அவனை விடமாட்டார்கள்.

"மிசஸ் நீமி, ஏதாவது படிக்கிற மாதிரி இருக்குங்களா?" என்றான். மேசையைப் பார்த்துத்தான் கேட்டான்.

கார்லாவுக்கு உள்ளுக்குள் பூரித்துப்போனது. அந்த வயசுப் பையன்கள் தானாக வந்து கேட்பது, அவள் கணக்கில், வாழ்க்கையில் ஒரே முறைதான். கொடுத்தது பிடிக்கவில்லையென்றால் இரண்டாம் முறை வாயைத் திறக்கமாட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் புத்தகத்துக்கும் ஆயுசுக்கும் ஒட்டாது. அப்படி எத்தனையோ பேரை அவள் கோட்டைவிட்டிருக்கிறாள். ஊர்ப் பேச்சில் அது சேர்த்தியில்லை.

"கடைசியா எந்தப் புக்க முடிச்ச?"

"எதையும் முடிச்சதில்லைங்க."

"பாதியில விட்டது?"

"எல்லாந்தான்."

"எப்ப படிப்ப?"

"மூணரைலேந்து அஞ்சு வரைக்கும்."

ஜாதகமே இல்லாத பையன். இருந்தாலும் கார்லா எழுந்தாள். காட்டில் வழிதவறிய பையனும் ஒரு நாயும் வருகிற நாவல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நாய்க் கதை தோற்று அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை அது திரும்பி வந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுங்க."

"நாய் என்ன ஆச்சு?"

வேட் சிறிது யோசித்தான். "நல்லாருந்துச்சு" என்றான் மறுபடியும்.

அடுத்தது ஹாக்கிக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் கதை. பிறகு போர்க் கதை. பிறகு நெருப்புக் கக்கும் பாம்புகளும் அரசகுமாரர்களும். கடைசியில் கௌரவத்தை விட்டிறங்கி, தொண்ணூறே பக்கத்தில் ஒரு மெல்லிய புத்தகம். ஐந்தும் போன வேகத்தில் திரும்பின. ஐந்தும் "நல்லாருந்துச்சு". அதன்பின் அவன் கேட்கவில்லை, அவளும் நீட்டவில்லை.

ஆனால் வருவதை அவன் நிறுத்தவில்லை. மூன்றரைக்கு வருவான், தலையை ஆட்டுவான், பின்பக்கம் கொதிகலன் அறையை ஒட்டிய மூலைக்குப் போய்விடுவான். ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹாக்கிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவான். சூட்டுக்கு வருகிறான், செல்போனை நோண்டுகிறான் என்று கார்லா முடிவுகட்டினாள். மூக்குடைந்த கோபம் அவளுக்கு. எழுந்து போய்ப் பார்க்கக்கூட இல்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் களையெடுப்பு வந்தது. நூலகம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாவம் உண்டு. புதுப் புத்தகம் வந்தால் பழையது போகவேண்டும், இடம் அவ்வளவுதான். மூன்று வருடமாக யாரும் எடுத்துப்போகாத புத்தகங்களைக் கணினி பட்டியல் போட்டுத் தரும். நிர்வாகி ஃபிலிப் ஏரிப் பாலத்துக்குத் தெற்கே, நகரத்துப் பக்கமிருந்து வந்தவர். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பட்டியல்தான் வேதம். இவள் அவரைக் கிண்டல் செய்வாளே தவிர, பட்டியலை அவளும் நம்பினாள்.

இந்தமுறை பட்டியலில் பின்மூலை அலமாரியும் இருந்தது. முதுகில் சிவப்பு வில்லை ஒட்டிய பெரிய எழுத்துப் புத்தகங்கள். கண் மங்கிய கிழவிகளுக்காக வாங்கியவை. கிழவிகளில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போய்விட்டார்கள். 'படகுத்துறை விடுதி' என்று ஏழு பாகத்தில் ஒரு குடும்பக் கதை. நான்கு சகோதரிகள் ஏரிக்கரையில் விடுதி நடத்துகிறார்கள், தப்பான ஆட்களைக் கட்டிக்கொள்கிறார்கள். ஏழு பாகத்துக்கும் கணினியில் பூஜ்யம்.

கார்லா ஒவ்வொன்றிலும் 'நீக்கப்பட்டது' முத்திரை குத்தினாள். நான்காம் பாகத்தைப் புரட்டியபோது பின்பாதியிலிருந்து ஒரு வெள்ளைத் துணிநாடாத் துண்டு விழுந்தது. மடித்து ஒட்டிய துண்டு. எந்தக் கிழவியோ வைத்தது என்று குப்பையில் போட்டாள். முதல் பாகம் அடியில், ஏழாம் பாகம் மேலே என்று பெட்டியில் அடுக்கி, சனிக்கிழமைத் தேவாலயத்துப் பழைய புத்தக விற்பனைக்கு அனுப்பிவிட்டாள். அங்கே சனங்கள் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி வாங்கத்தான் வருவார்கள். புத்தகத்தைச் சும்மா தடவிப்பார்த்துவிட்டுப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வேட் வந்தான். தலையை ஆட்டினான். பின்னால் போனான். இரண்டு நிமிடத்தில் திரும்பிவந்து மேசைக்கு முன்னால் நின்றான்.

"பின்னாடி..." என்றான்.

"பின்னாடி என்ன?"

"அந்த அலமாரி காலியா இருக்கு."

"களையெடுத்துட்டோம். யாரும் தொடாத புக்கெல்லாம். உனக்கு ஏதாச்சும் வேணுமா?"

அவன் காது இரண்டும் சிவந்தன. வாசல் பக்கத்து மூலையில் அவனோடு அணியில் ஆடுகிற இரண்டு பையன்கள் கணினி முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேட் அவர்களைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கார்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்றான். பையின் வெளிப்பக்கம் மட்டைகள் செருகியிருந்தன. மட்டைப் பிடியில் சுற்றியிருந்தது வெள்ளைத் துணிநாடா.

குப்பையில் போட்ட துண்டு அவளுக்கு ஞாபகம் வந்தது.

போய்ப் பின்மூலையில் நின்று பார்த்தாள். கொதிகலன் சுவரில் முதுகு சாய்த்து ஒரு பெரிய ஆள் உட்கார்ந்தால் கண்மட்டத்தில் வருவது அந்தத் தட்டுதான். 'படித்த புத்தகத்தை அலமாரியில் வைக்காதீர்கள், தள்ளுவண்டியில் வையுங்கள்' என்று அவள் கைப்பட எழுதிய அட்டை மேலே தொங்கியது. வண்டியில் வைத்தால் எண்ணிக் கணினியில் ஏற்றுவார்கள். இவன் வைக்கவில்லை. ஏழு பாகத்தையும் வரிசை பிசகாமல், ஒரு தூசு கலையாமல், இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறான். முன்மேசைக்குக் கொண்டுவரவும் முடியாது. சிவப்பு வில்லையோடு கிழவிகளின் புத்தகத்தை நீட்டினால் அணியில் அவனை விட்டுவைப்பார்களா? அதனால்தான் கணினியில் பூஜ்யம்.

அவள் கொடுத்த ஐந்தும் பொடி எழுத்து. அதுவும் இப்போதுதான் உறைத்தது. என்ன கதை பிடிக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டாளே தவிர, எழுத்து உனக்குக் கூடிவருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன வகுப்பில் வாசிப்புக்குத் தனி வகுப்பில் உட்காரவைத்த பையன்களில் அவனும் ஒருவன் என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு புத்தகத்தைக்கூட முடிக்காத பையன் இவள் தயவு இல்லாமலே மூன்று பாகம் முடித்து நான்காவதில் பாதியைத் தாண்டியிருக்கிறான். அதை இவள் கையாலேயே பிடுங்கித் தூக்கிப்போட்டிருக்கிறாள். வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நல்லவேளை, அந்த மூலையில் யாரும் இல்லை.

விற்பனையைப் பார்த்துக்கொள்வது ஆர்வோ லாம்பி. எண்பது வயதுக் கட்டை. கார்லா போன் போட்டாள்.

"ஆர்வோ, சனிக்கிழமை பெரிய எழுத்துப் பெட்டி ஒண்ணு வந்துச்சே, யாரு வாங்கினா?"

"ஒருத்தரும் வாங்கல."

"அப்பாடா. எங்க இருக்கு?"

"நாந்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சவுனா அடுப்புக்கு."

கார்லா ரிசீவரைக் கீழே வைக்கவில்லை, போட்டாள்.

எங்கள் ஊரில் விற்காத புத்தகம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. புதனும் சனியும் சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டாத வீடு கிடையாது, ஈரமான பர்ச் மர விறகைப் பற்றவைக்கக் காகிதம் வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு, ரஸ்ஸின் வண்டி வாரிவிட்டுப்போன தடத்திலேயே ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆர்வோ சவுனாக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அடுப்புப் பக்கத்தில் பெட்டி. உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கார்லா நான்காவதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மேல இருந்த மூணும்?"

"போச்சு. ஏழும் ஆறும் நல்லா எரிஞ்சுது." ஆர்வோ தாடையைச் சொறிந்தார். "அஞ்சாவதுலதான் வெனை. கிழிச்சுப் போடறப்ப ஒரு பக்கம் கண்ணுல பட்டுச்சு. கண்ணாடி இல்லாமலே தெரியுது, எழுத்து அப்படி. சரின்னு படிச்சேன். படிச்சுட்டுக் கிழிச்சேன். அடுத்தது படிச்சேன், கிழிச்சேன்."

"எரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீக்கப்பட்டதுன்னு நீதானே முத்திரை குத்தியிருக்க? எனக்கு எதுக்குப் போன்?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "அத விடு. அந்த அக்கா தங்கச்சிகள்ல ஹெட்டி படகுல ஏறினாளா இல்லையா? அந்தப் பக்கத்த மட்டும் படிக்காம அடுப்புல சொருகிட்டேன். என் பொண்டாட்டி கூப்பிட்டா, அவசரத்துல கை போயிருச்சு. மூணு நாளா மனசே சரியில்ல."

கார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வழியில் பாதி தூரம் வந்தபின் வந்தது.

அன்று இரவும் மறுநாளும் நான்காம் பாகத்தைப் படித்தாள். நாடா இருந்த பக்கம் எது என்று தெரியவேண்டும். மடித்து ஒட்டிய துண்டு என்பதால் காகிதத்தில் பிசுக்கோ தடமோ இல்லை. எங்கே நிறுத்தியிருப்பான்? விடுதியின் கூரையில் தீப்பிடித்து, ஹெட்டி குழந்தையோடு படகுத்துறைக்கு ஓடுகிற இடத்தில் ஒரு அத்தியாயம் முடிகிறது. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. அங்கேதான் நிறுத்தமுடியும், அதைத் தாண்டினால் புத்தகத்தைக் கீழே வைக்கமுடியாது என்று முடிவு செய்தாள். 'கிழவிகளின் கதை' என்று இத்தனை வருடம் அவள் தொடாத புத்தகம். ரஸ் இரண்டுமுறை சாப்பிடக் கூப்பிட்டான். மூன்றாம்முறை தானே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

வியாழன் காலை பெட்ரோல் பங்க்கில் ஒரு சுருள் ஹாக்கி நாடா வாங்கினாள்.

"என்ன கார்லா, டீம்ல எடுத்துட்டாங்களா?" என்றான் கடைக்காரன்.

"கோல்கீப்பர்" என்றாள்.

நூலகம் திறந்ததும் அதில் ஒரு துண்டை மடித்து ஒட்டி இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்து, நான்கு பாகத்தையும் பழைய இடத்தில் அடுக்கினாள். கணினியில் அவை இப்போது கிடையாது. திரும்ப ஏற்றவேண்டுமென்றால் ஃபிலிப்புக்கு எழுதிக்கொடுக்கவேண்டும், யாருக்காக என்று அவர் கேட்பார். யார் எதைப் படிக்கிறார்கள் என்பதை மூன்றாம் ஆளிடம் சொல்வதில்லை என்பது அவர்கள் தொழிலில் சத்தியம் மாதிரி. போலீஸ் ஷெரீஃப் வந்து கேட்டபோதே அவள் சொன்னதில்லை. அதனால் கணக்கில் வராத புத்தகமாகவே வைத்தாள். இருபத்தாறு வருடத்தில் அப்படி வைத்தது அதுதான் முதல். வேட்டைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றும் யோசித்தாள். 'நீ அங்கே என்ன படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்' என்று சொன்ன மறுநிமிடம் அவன் இந்த வாசலை மிதிக்கமாட்டான். எனவே வாயை மூடிக்கொள்வது என்று தீர்மானித்தாள். அவள் சுபாவத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

இனி ஒரே கவலைதான். அவன் வரவேண்டும்.

அந்த வியாழக்கிழமை அவன் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பனிக்களத்துக் கதவருகே, கொட்டுகிற பனியில், பையின் மேல் உட்கார்ந்திருந்தான். கார்லாவுக்கு அன்று யார் என்ன கேட்டாலும் சிடுசிடுப்பாகவே பதில் வந்தது. போதகர் பயந்துபோய் எடுத்த புத்தகத்தையே மறுபடி எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாயன்று வெளியே சைபருக்குக் கீழே எட்டு டிகிரி. குளிருக்குத்தான் நன்றி சொல்லவேண்டும். மூன்றே முக்காலுக்கு வேட் உள்ளே வந்தான். தலையை ஆட்டவில்லை. நேரே பின்னால் போனான். கார்லா புத்தகத்துக்கு உறை போடுவதுபோல ஒரே உறையை நான்கு தடவை போட்டாள். அவன் வெளியே வரவில்லை. நாலு மணி ஆனது. நாலரை ஆனது. கொதிகலன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான். கையில் நாடாத் துண்டு.

"மிசஸ் நீமி, இது நீங்க வெச்சதா?"

"எது?" என்றாள். பிறகு அந்தப் பொய் அவளுக்கே சகிக்கவில்லை. "ஆமா."

"தப்பான பக்கத்துல வெச்சிருக்கீங்க. இருநூத்தி முப்பத்தொம்போது."

"அது சண்டைக்கு நடுவுலல்ல? அங்க போய் யாராச்சும் நிறுத்துவாங்களா?"

"மணி அஞ்சாச்சுன்னா நிறுத்தணும். கோச் திட்டுவாரு."

கார்லா மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். "வேட், அதைத் தூக்கிப்போட்டது நான்தான். பட்டியல்ல பூஜ்யம்னு போட்டிருந்துச்சு, அத நம்பி ஒரு தடவைகூடப் பின்னாடி வந்து பாக்கல. தப்பு என்னோடது. மன்னிச்சிக்கோ."

அந்த வயசுப் பையனிடம் பெரியவர்கள் அப்படிப் பேசுவது வழக்கமில்லை. அவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "பரவால்லைங்க" என்றான். பழைய 'நல்லாருந்துச்சு' மாதிரி இல்லை, இது நிஜமாக இருந்தது. பிறகு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே, "இன்னிக்கு நாலாவது முடிஞ்சிருச்சு" என்றான். "அஞ்சாவது அங்க இல்ல."

"எரிஞ்சுபோச்சு."

"கதையிலயா?"

"சவுனாவுல." நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னாள். "வேற ஊர் லைப்ரரியிலேந்து வரவழைக்கலாம். பெரிய எழுத்துலயே கெடைக்கும். பத்து நாள் ஆகும். ஆனா சும்மா வராது, யாராவது ஒருத்தர் பேர்ல கேட்டு எழுதணும். வந்ததும் புக்கு மேல அந்தப் பேர ஒட்டி, இந்தா, இந்தத் தட்டுல நிக்கவெப்போம்."

தட்டு மேசைக்குப் பின்னால் இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடம். வேட் பார்த்தான். கணினி மூலையில் அன்றும் அந்த இரண்டு பையன்கள் இருந்தார்கள்.

கார்லாவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, என் பேரிலேயே எழுதிக்கொள்கிறேன் என்று. சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். கெட்டியாக உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்பதா வேண்டாமா என்பது அவன் பாடு.

"ஏற்கெனவே வரிசையில ஒருத்தர் இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். "நேத்துதான் போன்ல பேரு குடுத்தாரு. அவருக்கு அப்புறந்தான் உனக்கு."

"இந்தப் புக்குக்கா?"

"இந்தப் புக்குக்குத்தான்."

"யாரு?"

"சொல்லமாட்டேன். நீ கேட்டேன்னும் அவர்கிட்ட சொல்லமாட்டேன்."

கடிகாரம் ஐந்தைத் தொட்டது. எதிரே பனிக்களத்தில் விசில் சத்தம் கேட்டது. வேட் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கதவு வரைக்கும் போனான்.

"அவர வேகமாப் படிக்கச் சொல்லுங்க" என்றான் அங்கிருந்தே. மூலையில் இருந்த இரண்டு பையன்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. "ரெண்டாவதா என் பேர எழுதிக்கோங்க. சாலோ. வேட்."

இத்தனை வருடமாகத் தெரிந்த பெயர்தான். ஆனாலும் கார்லா, முதல்முறை கேட்பவள்போல, ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டாள்.